டேபிள் சா கடைசியில, பெஞ்ச் முதல்ல: வீட்டு ஷெட்ல மரவேலை ஆரம்பிக்கிறவருக்கு

கேட்டது இதுதான்: கோயம்புத்தூர் பக்கம் சொந்த வீடு, பின்னாடி பத்துக்கு பன்னெண்டு அடியில ஷீட் போட்ட ஷெட் ஒண்ணு சும்மா கெடக்கு, ஐடி வேலை, சனி ஞாயிறுதான் நேரம், கையில 40,000 ரூபா. டேபிள் சா (மேஜை நடுவுல வட்ட பிளேடு நீட்டிக்கிட்டு ஓடற அறுக்கற மிஷின்) முதல்ல வாங்கணுமா, என்ன மரம் வாங்கறது, எதுல ஆரம்பிக்கிறது, அப்புறம் டெக்சாஸ்ல இருக்கற மச்சான் தீபாவளிக்கு வரார், அவர்கிட்ட மிஷின் ஏதாவது சொல்லி விடலாமா.

டேபிள் சா வேண்டாங்க, இப்போதைக்கு. காசு ஒரு காரணம்தான், 40,000ல பாதிக்கு மேல அதுவே தின்னுடும். ஆனா பெரிய காரணம் உங்க ஷெட்டுதான். ஆறடி பலகைய நீளவாக்குல அறுக்கணும்னா மிஷினுக்கு முன்னாடி ஆறடி வேணும், அறுந்து வெளிய வர பின்னாடி ஆறடி வேணும், நடுவுல மிஷின் ஒரு ரெண்டடி, ஆக மொத்தம் 14 அடி. உங்க ஷெட்டோட நீளமே 12. கதவ திறந்து வெச்சு பலகைய வெளிய நீட்டித்தான் அறுக்கணும். யூடியூப்ல பாக்கறதெல்லாம் அமெரிக்காக்காரன் ரெண்டு கார் நிறுத்தற கராஜ், அங்க நடு சென்டர்ல டேபிள் சா வெச்சு அத சுத்தி எல்லாத்தையும் அடுக்கறான், அவனுக்கு அது சரி. நமக்கு இருக்கற எடத்துல பெஞ்ச்தான் (நின்னு வேலை செய்யற கனமான மேஜை) நடுவுல நிக்கணும், மத்ததெல்லாம் செவத்தோரம்.

நம்ம ஊர் ஆசாரிங்க பெஞ்ச் இல்லாமயே தேரும் கதவும் செஞ்சவங்கதானேன்னு கேப்பீங்க. நிஜம்தான், தரையில உக்காந்து கால் கட்டைவிரல்லயும் குதிகால்லயும் பலகைய புடிச்சுக்கிட்டு இழைப்பாங்க, பாத்தா அசந்து போயிடுவோம். ஆனா அது சின்ன வயசுலேர்ந்து உக்காந்து பழகின ஒடம்பு. நாள் பூரா நாற்காலியில உக்காந்து இருக்கற நாம சனிக்கிழமை திடீர்னு அப்படி உக்காந்து ஒரு மணி நேரம் இழைச்சா ஞாயித்துக்கிழமை எந்திரிக்க முடியாது. கட்டை நகராம புடிச்சுக்க ஒண்ணு வேணும், அவங்களுக்கு கால், நமக்கு பெஞ்ச். புதுசா வரவங்க இழைப்புளி ஓடலன்னு சொல்ற கேஸ்ல பாதிக்கு மேல கட்டை ஆடறதுதான் காரணம், இழைப்புளி மேல தப்பே இருக்காது.

பெஞ்சுக்கு ஒரே ஒரு 8க்கு 4 ப்ளைவுட் ஷீட் போதும், 18 அல்லது 19 எம்எம். கடையில பேனல் சா இருந்தா அங்கயே அறுத்து தரச் சொல்லுங்க: நாலடி அகலத்த ரெண்டா பொளந்தா ரெண்டடி அகலத்துல எட்டடி நீளத்துல ரெண்டு துண்டு, ஒவ்வொண்ணையும் ஆறடியில வெட்டினா 6க்கு 2 ரெண்டு, மிச்சம் 2க்கு 2 ரெண்டு. பெரிய ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு பெவிகால் போட்டு ஒட்டி, அடிப்பக்கத்துலேர்ந்து ஆறு இஞ்சுக்கு ஒண்ணா 30 எம்எம் ஸ்க்ரூ முடுக்கிடுங்க, ரெண்டு ப்ளையும் சேர்ந்து 36 எம்எம் இருக்கறதால ஸ்க்ரூ மேல தலை நீட்டாது. அதுதான் பெஞ்ச் மேல்பலகை. சின்னது ரெண்டுல ஒண்ணு அடியில தட்டு, இன்னொண்ண பத்திரமா வைங்க, அதுலதான் பெஞ்ச் ஹூக்கும் (அறுக்கறப்போ கட்டை நகராம தடுக்கற பலகை) ஷூட்டிங் போர்டும் (கட்டையோட முனைய நேரா இழைக்க வெக்கற பலகை) வரும். ப்ளை வாங்கறப்போ ஐ.எஸ். 303 எம்ஆர் கிரேடு (ஈரக்காத்து தாங்கறது) போதும், ஷெட் ஒழுகும்னா ஐ.எஸ். 710, அதாவது மெரைன் ப்ளை. அந்த நம்பர் ஷீட் மேலயே சீல் அடிச்சிருக்கும், சீல் இல்லாதத கடைக்காரர் வாயால மெரைன்னு சொன்னா நம்பாதீங்க.

காலுக்கு புது மரம் வாங்காதீங்க. பழைய வீடு இடிச்ச சாமான் விக்கற கடை எல்லா ஊர்லயும் இருக்கும், அங்க நிலைச்சட்டம், ஜன்னல் சட்டம் கெடைக்கும், அம்பது வருஷம் காஞ்ச மரம், இனிமே முறுக்காது. (காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் போனா இதே சமாச்சாரம் பர்மா தேக்குல தூண் தூணா நிக்கும், ஆனா அது பழம்பொருள் விலை, பெஞ்ச் காலுக்கு இல்ல.) மூணுக்கு மூணு இஞ்ச் சட்டத்துல நாலு கால், குறுக்குக்கு மூணுக்கு ஒன்றரை, எல்லாம் சேர்த்து ரெண்டு கன அடிக்குள்ள அடங்கிடும். பழைய சட்டத்துல ஆணி இருக்கும், ஒரு ஸ்பீக்கர் காந்தம் எடுத்து மேல தடவிப் பாத்துட்டு அப்புறம் ரம்பத்த வைங்க. உயரம் எவ்வளவுன்னா, நிமுந்து நின்னு கைய தொங்க விட்டா மணிக்கட்டு ரேகை எங்க வருதோ அங்க, அஞ்சரை அடி ஆளுக்கு 33 இஞ்ச் சுமார் வரும். காலையும் குறுக்கையும் பாதி பாதி வெட்டி ஒண்ணுக்குள்ள ஒண்ணு பொருத்தி பத்து எம்எம் போல்ட் போட்டுடுங்க, எப்பவாவது லூசானா ஸ்பேனர் வெச்சு முடுக்கிக்கலாம். முன்பக்கம் இடது கைப்பக்கமா ஒரு ஏழு இஞ்ச் வைஸ் (கட்டைய இறுக்கிப் புடிக்கற திருகு பிடி), அதோட இரும்பு தாடைக்கு மரத்துல ஒரு முகம் வெச்சு ஸ்க்ரூ பண்ணுங்க, இல்லன்னா புடிக்கற ஒவ்வொரு கட்டையிலயும் இரும்புத் தடம் விழும்.

மரவாடிக்கு போறதுக்கு முன்னாடி கணக்கு தெரிஞ்சுக்குங்க. அங்க எம்எம் பேச மாட்டாங்க, இஞ்சும் நூலும்தான், ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். விலை கன அடிக்கு. அகலம் இஞ்ச்ல, கனம் இஞ்ச்ல, நீளம் அடியில, மூணையும் பெருக்கி 144ஆல வகுத்தா கன அடி. எட்டு இஞ்ச் அகலம், ஒரு இஞ்ச் கனம், ஆறடி பலகைன்னா 48, அத 144ஆல வகுத்தா மூணுல ஒரு பங்கு கன அடி. இதுல ஒரு விஷயம், காசு வாங்கறது அறுத்த அளவுக்கு, இழைச்சப்பறம் ஒரு இஞ்ச் பலகை ஆறு நூல்தான் நிக்கும். உங்களுக்கு ஃபினிஷ் சைஸ்ல முழுசா ஒரு இஞ்ச் வேணும்னா ஒன்னேகால் அறுக்கச் சொல்லணும். பலகைய ஒரு முனையிலேர்ந்து ஒத்தக்கண்ண மூடிட்டு பாருங்க, வில்லு மாதிரி வளைஞ்சிருந்தா கூட வெட்டி சின்ன துண்டா பயன்படுத்தலாம், முறுக்கு இருந்தா தொடாதீங்க, அத நேராக்கறதுக்குள்ள பாதி மரம் சுருளா தரையில கெடக்கும்.

என்ன மரம்னா, எல்லாரும் தேக்குல ஆரம்பிக்கணும்னு நெனைக்கிறாங்க. நிலம்பூர்ல 1840கள்லயே வெள்ளைக்காரன் தோட்டம் போட்டு வளர்த்த மரம், பேரு அப்படி. ஆனா இன்னிக்கு மரவாடியில தேக்குன்னு நிக்கறதுல நெறைய தூத்துக்குடி துறைமுகம் வழியா வெளிநாட்டு தோட்டத்துலேர்ந்து வர சின்ன வயசு மரம், வெள்ளை (ஓரத்துல வர வெளுத்த பகுதி) அதிகமா இருக்கும், வைரம் (நடுவுல இருக்கற கெட்டிப் பகுதி) கம்மி. வைரம் பாஞ்ச கட்டைதான் கரையானுக்கு தாங்கும், அந்த ஓரத்து வெள்ளை எந்த மரமா இருந்தாலும் வண்டு தின்னும், அது தேக்கா இருந்தாலும் சரி. பழகறதுக்கு உங்க பக்கத்துலயே சில்வர் ஓக் இருக்கே, வால்பாறை, நீலகிரி டீ எஸ்டேட்ல நிழலுக்கு வெச்ச மரம், விலை கம்மி, இழைக்க சுலபம், ஆரவாக்குல (மரத்தோட நடுவுலேர்ந்து வெளிய போற வாக்குல) அறுத்த பலகையில சரிகை போட்ட மாதிரி ரேகை வரும், ஏன் இத யாரும் பெருசா பேசறதில்லன்னு தெரியல. பலா இன்னும் நல்லா இருக்கும், தஞ்சாவூர் வீணையும் மிருதங்கமும் அதுலதான், உளி வெச்சா வெண்ணெயா இறங்கும், புதுசுல மஞ்சளா இருந்து வருஷம் போகப் போக பழுப்பாகும். வேம்பு விலை கம்மின்னு போவீங்க, அதுல நார் ஒரு பட்டைக்கு இந்தப் பக்கம் அடுத்த பட்டைக்கு அந்தப் பக்கம்னு பின்னிக்கிட்டு போகும், எந்தப் பக்கம் இழைச்சாலும் எங்கயாவது பிச்சுக்கும், கை பழகினப்புறம் எடுங்க. ரப்பர் மரம் துண்டு துண்டா ஒட்டின போர்டா கெடைக்கும், நேரா இருக்கும், உள்ள வைக்கற சாமானுக்கு ஓகே, தண்ணி படற எடத்துக்கு ஆகாது. கம்பெனி பேக்கிங் பெட்டில வர பைன் மரம் சல்லிசா கெடைச்சா எடுத்துக்குங்க, ஆனா அதுல அடிச்ச முத்திரைய பாருங்க, எச்.டி.ன்னு இருந்தா சூடு காட்டினது, எம்.பி.ன்னு இருந்தா மீத்தைல் புரோமைடு புகை போட்டது, அது வீட்டுக்குள்ள வேண்டாம்.

வாங்கின பலகைய அன்னிக்கே அறுக்காதீங்க. ஷெட்ல நடுநடுவுல ரீப்பர் துண்டு வெச்சு அடுக்கி ஒரு மாசம் விடுங்க. காஞ்சிருச்சான்னு பாக்க மீட்டர் எல்லாம் கூட வேண்டாம், அதே பலகையில வெட்டின ஒரு துண்ட சமையல்கட்டு தராசுல வாராவாரம் எடை போட்டு எழுதி வைங்க, எடை இறங்கறது நின்னுட்டா மரம் உங்க ஊர் காத்துக்கு பழகிடுச்சுன்னு அர்த்தம். பச்சை மரமா இருந்தா ஒரு மாசம் எல்லாம் பத்தாது, ஒரு இஞ்ச் கனத்துக்கு ஒரு வருஷம்னு சொல்ற கணக்கு தோராயமானதுதான் ஆனா தப்பில்ல.

இங்க ஒரு விஷயத்த கொஞ்சம் நின்னு சொல்லணும், ஏன்னா வீட்டுல செஞ்ச சாமான் வெடிக்கறதுக்கு முக்காவாசி காரணம் இதுதான். ஐப்பசி கார்த்திகையில கதவு இறுகிப் போய் முட்டித் தள்ள வேண்டியிருக்கும், சித்திரையில அதே கதவு லூசா ஆடும், பாத்திருப்பீங்க. மரம் ஈரத்த குடிச்சு ஊதுது, வெயில்ல சுருங்குது. நீளத்துல கிட்டத்தட்ட ஒண்ணும் ஆகாது, அகலத்துலதான் எல்லாம். தேக்கு கம்மியா அசையற மரம்னு பேரு, அதுவே பச்சையிலேர்ந்து முழுசா காயறப்போ வளையத்தோட வாக்குல 5.8 சதவீதம் சுருங்கும், அதுக்கு குறுக்கு வாக்குல 2.5. பச்சை மரம்னா ஈரம் 30 சதவீதத்துலேர்ந்து சுருங்க ஆரம்பிக்கும்னு வெச்சுக்கிட்டா, ஒரு சதவீத ஈரத்துக்கு 0.19 சுமார் வருது. மழைக்கும் வெயிலுக்கும் நடுவுல ஈரம் ஒரு நாலு சதவீதம் மாறுதுன்னு வைங்க, ஒரு அடி அகல பலகை ரெண்டு எம்எம்முக்கு மேலயே, அதாவது முக்கால் நூல் அசையும். ரெண்டடி டேபிள் டாப்னா ஒன்றரை நூல். இந்த ஒன்றரை நூல பெவிகாலும் ஸ்க்ரூவும் போட்டு நிறுத்த முடியாது, நிறுத்தினா மரம் பொளந்துக்கும். ப்ளைவுட் ஏன் அசையறதில்லன்னா ஒவ்வொரு தாளும் குறுக்கும் நெடுக்குமா ஒட்டியிருக்கு, ஒண்ண ஒண்ணு புடிச்சு வெச்சுக்குது.

சரி, சாமான். கை சாமான்ல ரம்பம் ஒண்ணு, உளி மூணு (கால், அரை, முக்கால் இஞ்ச்), நாலாம் நம்பர் இரும்பு இழைப்புளி ஒண்ணு, மூலமட்டம் (90 டிகிரி பாக்கறது), மார்க்கிங் கேஜ் (ஓரத்துலேர்ந்து ஒரே தூரத்துல கோடு போடறது), கத்தி மாதிரி கூரா கோடு போட ஒண்ணு, கொட்டாப்புளி (இத நீங்களே செய்யலாம், புளியங்கட்டை துண்டு ஒண்ணு போதும், கறிக்கடையில வெட்டற கட்டையும் அதுதான், அடி தாங்கும்). மூலமட்டத்த கடையிலயே டெஸ்ட் பண்ணுங்க: நேரான ப்ளை ஓரத்துல வெச்சு ஒரு கோடு, திருப்பிப் போட்டு அதே எடத்துல இன்னொரு கோடு, ரெண்டும் ஒண்ணா விழுந்தா வாங்குங்க, விரிஞ்சா அந்த விரிசல்ல பாதி உங்க மட்டத்தோட கோணல். கரண்ட் சாமான்ல ட்ரில் ஒண்ணு, 7 இஞ்ச் சர்குலர் சா (கையில புடிச்சு ஓட்டற வட்ட ரம்பம்) ஒண்ணு. க்ளாம்ப் நாலு, முடிஞ்சா ஆறு. தோராயமா பெஞ்சும் வைசும் 12,000, கை சாமான் 9,000, ட்ரில்லும் சர்குலர் சாவும் 10,000, க்ளாம்ப் 3,000, ஒயரிங், மாஸ்க், கண்ணாடி ஒரு 3,000. மிச்சம் மரத்துக்கு. ஊருக்கு ஊர் முன்ன பின்ன இருக்கும்.

உளி வாங்கினா அது வெட்டும்னு நெனைக்காதீங்க, கடையிலேர்ந்து வர உளி சும்மா உளி மாதிரி இருக்கற இரும்பு. தீட்டறதுக்கு விலை உயர்ந்த கல்லு வேண்டாம், கண்ணாடிக் கடையில 8 எம்எம் கண்ணாடி துண்டு ஒண்ணு வாங்கி அது மேல தண்ணி தெளிச்சு வாட்டர் பேப்பர் ஒட்டுங்க, 320, 600, 1000, 2000. முதல்ல உளியோட முதுகு, நுனியிலேர்ந்து ஒரு இஞ்ச் மட்டும், கண்ணாடியில தட்டையா வெச்சு தேய்ங்க, முகம் தெரியற அளவுக்கு வரணும், இது ஒரு தடவதான். அப்புறம் சாய்வுப் பக்கம், பக்கவாட்டுல புடிக்கற சின்ன உருளை வெச்ச ஹோனிங் கைடு சல்லிசா கெடைக்குது, அதுல உளி 40 எம்எம் வெளிய நீட்டினா 25 டிகிரி, 30 எம்எம் நீட்டினா 30 டிகிரி. இழைப்புளி பிளேடுக்கு 50ம் 38ம். இந்த நாலு அளவுலயும் ஒரு பலகையில கட்டை அடிச்சு வெச்சுக்கிட்டா ஒவ்வொரு தடவையும் அளக்க வேண்டியதில்ல. 25ல முழு சாய்வும் தேய்ச்சுட்டு 30ல நுனிய மட்டும் நாலஞ்சு இழு. தேய்க்கறப்போ பின்பக்கம் விரல வெச்சு தடவினா ஒரு சொரசொரப்பு தட்டுப்படும், அந்த பிசிறு நுனி முழுக்க வரணும், ஒரு மூலையில வரலன்னா அங்க இன்னும் கூர் வரலன்னு அர்த்தம். வந்ததும் அடுத்த பேப்பர். கடைசியா பழைய பெல்ட் தோல்ல பச்சை பாலிஷ் கட்டி தடவி இழுங்க. கையில இருக்கற முடி எடுக்குதான்னு பாக்கறத விட பைன் துண்டோட வெட்டு முகத்துல அமுக்கிப் பாருங்க, நொறுங்காம வழவழன்னு சீவினா போதும். இது கைவந்துடுச்சுன்னா மரவேலையில பாதி வந்த மாதிரி, வராதவங்கதான் அடுத்தடுத்து மிஷினா வாங்கிக்கிட்டே போறாங்க.

சர்குலர் சாவ நேரா ஓட்ட ட்ராக் சா (தண்டவாளம் மாதிரி பட்டை மேல ஓடற சா) தனியா வாங்க வேண்டியதில்ல. ஆறு எம்எம் ப்ளை பத்து இஞ்ச் அகலம், அது மேல மூணு இஞ்ச் அகலத்துல நேரான இன்னொரு பட்டை ஒட்டுங்க, ஒட்டினது காஞ்சதும் சாவோட தகட்ட அந்த பட்டையில அணைச்சு ஒரு ஓட்டு ஓட்டினீங்கன்னா, பிளேடு எங்க வெட்டுதோ அங்கயே கீழ் ப்ளை வெட்டுப்பட்டு நின்னுடும். இனிமே அந்த ஓரத்த கோட்டு மேல வெச்சு க்ளாம்ப் போட்டா வெட்டு சரியா அங்கதான் விழும். கதவு சைஸ் ப்ளை எல்லாம் இதுலயே வெட்டிடலாம். பிளேடு ரெண்டு வெச்சுக்குங்க, நீளவாக்குக்கு 24 பல்லு, ப்ளைக்கு 60.

மார்பிள் கட்டர்ல மரம் அறுக்கற பிளேடு போட்டு நம்ம ஊர் இன்டீரியர் பசங்க எல்லா வேலையும் பண்றாங்க, பாத்துட்டு நீங்களும் பண்ணிடாதீங்க. அது நிமிஷத்துக்கு 12,000 சுத்துக்கு மேல ஓடற மிஷின், கல்லு அறுக்க டைமண்ட் பிளேடுக்காக செஞ்சது, அதுக்கு பல்லே கிடையாது, அதனால உதைக்காது. பல்லு வெச்ச பிளேடு மரத்துல மாட்டினா மிஷின் பின்னாடி துள்ளி உங்க மேல வரும், கீழ்ப்பக்கம் தானா மூடற கார்டும் அதுல இல்ல. ஆயிரம் ரெண்டாயிரம் மிச்சம் பண்ண விரல பணயம் வைக்கற கதை.

கரண்ட் விஷயத்துல, ஷெட்டுக்கு தனியா 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர்ல ஒரு லைன் இழுத்து 16 ஆம்பியர் பிளக் ரெண்டு வைங்க, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே ஆஃப் ஆகற ஸ்விட்ச்) கண்டிப்பா. மழைக்காலத்துல ஷீட் ஷெட்ல ஈரத் தரையில நிக்கப் போறீங்க. லைட் ஒண்ண நடுவுல தொங்க விட்டா உங்க நிழலே கோட்டு மேல விழும், பெஞ்சுக்கு முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு ரெண்டு டியூப் போடுங்க. மரத்தூள பத்தி நம்ம ஊர்ல யாரும் கண்டுக்கறதில்ல, உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆய்வு நிறுவனம் மரத்தூள நிச்சயமா புற்றுநோய் உண்டாக்கற பொருள்னு முதல் பட்டியல்ல வெச்சு 30 வருஷம் ஆச்சு, சிகரெட் இருக்கற அதே பட்டியல். கர்ச்சீப் கட்டறது பத்தாது, என்95 போடுங்க, சாண்ட் பேப்பர் தேய்க்கறத ஷெட்டுக்கு வெளிய வெச்சுக்குங்க, எம்டிஎஃப் (மரநாரை பசை போட்டு அமுக்கின போர்டு) அறுத்தா இன்னும் ஜாக்கிரதை. அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் இரும்பு சாமான் எல்லாம் தையல் மிஷின் எண்ணெய் துணியால ஒரு தடவ தொடச்சு வெச்சா துரு ஏறாது.

இப்ப என்ன செய்யறதுன்னு வரலாம். பெஞ்ச் முடிஞ்சதும் நேரா கட்டிலுக்கும் ஊஞ்சலுக்கும் தாவாதீங்க, ஊஞ்சல்ல ஆளு உக்காருது. முதல் சாமான் ஒரு மணை. அம்மா கேட்டா சந்தோஷப்படுவாங்க, அதோட மரவேலையில வேண்டிய எல்லாமே அதுல இருக்கு. ஆறு இஞ்ச் அகலத்துல ஒன்றரை அடி நீளத்துல ரெண்டு பலகை எடுத்துக்குங்க, பக்கவாட்டுல ஒட்டினா ஒரு அடி அகலம். ஒட்டற ரெண்டு ஓரத்தையும் தனித்தனியா இழைச்சா கோணம் சேராது, அதனால ரெண்டு பலகையையும் புத்தகத்த மூடற மாதிரி முகத்தோட முகம் வெச்சு ஒண்ணா வைஸ்ல புடிச்சு ரெண்டு ஓரத்தையும் ஒரே இழைப்புல இழைங்க. இழைப்புளி ஒரு டிகிரி சாஞ்சிருந்தாலும் பரவாயில்ல, விரிச்சு ஒட்டறப்போ ஒண்ணோட சாய்வ இன்னொண்ணு சரிக்கட்டிடும். ஒண்ணு மேல ஒண்ணு நிக்க வெச்சு வெளிச்சத்துக்கு எதிரா பாருங்க, ரெண்டு முனையும் தொட்டு நடுவுல முடி அளவு வெளிச்சம் தெரிஞ்சா அது நல்லதுதான், க்ளாம்ப் அத மூடிடும். முனையில வெளிச்சம் தெரிஞ்சா இன்னும் ரெண்டு இழு நடுவுல. பெவிகால் மெல்லிசா ரெண்டு பக்கமும், க்ளாம்ப் போட்டு ஒரு ராத்திரி. க்ளாம்ப் பத்தலன்னா பழைய ஆசாரி வழி இருக்கு, ஒரு பலகை மேல ரெண்டு பக்கமும் கட்டை அடிச்சு நடுவுல மணைய வெச்சு ஜோடி ஆப்பு தட்டினா போதும், எந்த க்ளாம்புக்கும் சளைச்சதில்ல.

மறுநாள் வழிஞ்ச பசைய உளியால சீவிட்டு இழைப்புளிய குறுக்கு மூலையா ஓட்டி தட்டையாக்குங்க. கீழ கால் மாதிரி ரெண்டு குறுக்குக் கட்டை வரும்ல, அங்கதான் மேல சொன்ன முக்கால் நூல் கணக்கு. குறுக்குக் கட்டை நீளவாக்கு மரம், அது அசையாது, மேல் பலகை அகலத்துல அசையும். அதனால பசை போடாதீங்க, ஒவ்வொரு கட்டைக்கும் மூணு ஸ்க்ரூ, நடு ஓட்டை ஸ்க்ரூவுக்கு சரியா, ரெண்டு ஓரத்து ஓட்டைய கட்டையோட நீளவாக்குல ரெண்டு எம்எம் இழுத்து நீள்வட்டமா ஆக்குங்க. மழைக்கு பலகை ஊதறப்போ ஸ்க்ரூ அந்த ஓட்டைக்குள்ள நகந்துக்கும். வாங்கின மணையெல்லாம் நடுவுல ஒரு விரிசலோட இருக்கும் பாருங்க, அது ஆணி அடிச்சு இறுக்கினது.

அடுத்தது அஞ்சறைப்பெட்டி, அல்லது மூடி போட்ட எந்த பெட்டியும். அதுல மூலை மூட்டு பழகும், பல்லு வெச்ச மூட்டோ டவ்டெயிலோ (பல்லு புறா வால் மாதிரி விரிஞ்சிருக்கற மூட்டு). கோடு கத்தியால போடுங்க, பென்சில் கோட்டுக்கே ஒரு கனம் இருக்கு, அதுல எந்தப் பக்கம் அறுக்கறதுன்னு குழப்பம் வரும். அப்புறம் முக்காலி, அதுல கழுந்து மூட்டு (ஒரு கட்டையோட நுனி இன்னொண்ணோட துளைக்குள்ள போறது). பல்லாங்குழிப் பலகையும் நல்ல வேலை, 14 குழியும் ஒரே ஆழத்துல வரணும், ரவுட்டர் (சுத்தற பிட்டால குடையற மிஷின்) இல்லாம வளைஞ்ச உளியில செஞ்சா கை தானா மரத்தோட ஓட்டத்த கத்துக்கும். புத்தக அலமாரி எல்லாரும் கேப்பாங்க, ப்ளைவுட்ல சீக்கிரம் முடியும், ஆனா 18 எம்எம் ப்ளை மூணடி நீளத்துக்கு புத்தகம் அடுக்கினா ரெண்டே வருஷத்துல தொங்கும், ரெண்டரை அடிக்குள்ள நிறுத்துங்க, இல்லன்னா முன்னாடி ஒன்றரை இஞ்ச் பட்டைய நிக்க வெச்சு ஒட்டுங்க.

பாலிஷுக்கு ஆரம்பத்துல ஸ்ப்ரே எல்லாம் வேண்டாம். சாப்பாடு படற சாமானுக்கு மெடிக்கல்ல கெடைக்கற லிக்விட் பாரஃபின் போதும், அதே மினரல் ஆயில்தான், கூட கொஞ்சம் தேன்மெழுகு உருக்கி கலந்தா நல்ல பூச்சு. மத்த சாமானுக்கு ஆளி விதை எண்ணெய், துணியில தொட்டு மெல்லிசா, அஞ்சு பத்து நிமிஷத்துல மிச்சத்த தொடச்சுடணும், நல்லா காஞ்சப்புறம் திரும்ப. அந்தத் துணிய மட்டும் சுருட்டி மூலையில போட்டுடாதீங்க. அந்த எண்ணெய் காயறதே காத்தோட சேர்ந்து சூட்ட வெளிய விட்டுத்தான், சுருட்டின துணியில சூடு வெளிய போக முடியாம சேர்ந்து சேர்ந்து தானா தீப்புடிக்கும், நம்ம ஊர் வெயில்ல ஷீட்டுக்கு அடியில சொல்லவே வேண்டாம். கொடியில விரிச்சு காய போடுங்க, இல்ல தண்ணி வாளியில முக்கி வைங்க.

கடைசியா மச்சான். மிஷின் எதையும் கொண்டு வரச் சொல்லாதீங்க. அங்க 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ், இங்க 230 வோல்ட் 50. ஸ்டெப்டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் போடலாம்தான், ஆனா டேபிள் சா 15 ஆம்பியர் இழுக்கும், அது 1,800 வாட்ஸ், அதுக்கு தாங்கற 3 கேவிஏ ட்ரான்ஸ்ஃபார்மரே நல்ல கனம், ஸ்பேரும் இங்க கெடைக்காது. பிளேடும் வேண்டாம், அங்க நடு ஓட்டை 5/8 இஞ்ச், இங்க 20, 25.4, 30 எம்எம்னு ஓடுது. கனமில்லாம பெட்டியில வர மாதிரி நல்ல காம்பினேஷன் ஸ்கொயர் ஒண்ணு, சக்கரம் வெச்ச மார்க்கிங் கேஜ் ஒண்ணு, இழுத்து அறுக்கற ஜப்பான் ரம்பம் ஒண்ணு, இதெல்லாம் செக்-இன் பெட்டியிலதான் போடணும். பின்னால ட்ரிம்மர் (சின்ன ரவுட்டர்) வாங்கற ஐடியா இருந்தா கால் இஞ்ச் தண்டு பிட்டு ரெண்டு மூணு சொல்லலாம், ஆனா இங்க வாங்கற ட்ரிம்மர்ல கால் இஞ்ச் காலட் (பிட்டோட தண்ட புடிக்கற வளையம்) இருக்கான்னு பாத்துக்குங்க, கால் இஞ்ச்னா 6.35 எம்எம், ஆறு எம்எம் பிட்ட அதுல மாட்டினா புடிச்ச மாதிரிதான் இருக்கும், ஓடறப்போ நழுவி வெளிய வந்துடும்.